மற்றைய கதர்

சான்பிரான்சிஸ்கோவில் ஏழாம் தெருவும் மிஷன் தெருவும் சந்திக்கும் மூலையில் வெளிறிய கருங்கல்லாற் கட்டிய ஒரு நீதிமன்றம் இருக்கிறது. 1906 ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்கும் அதையடுத்து வந்த பெருந்தீக்கும் தப்பி நின்ற கட்டடம். ஒன்பதாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் இங்கேதான் அமர்கிறது. மேற்குக் கரையில் அகதி வழக்குத் தோற்ற எம்மவரின் கோப்புகள் கடைசியாக வந்து சேருகிற இடமும் இதுதான். நாங்கள் சிலர் அங்கே பார்வையாளர் வாங்கில் இருந்து கேட்டிருக்கிறோம். மூன்று நீதிபதிகள். சட்டத்தரணிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ஒருவனுக்கு நேர்ந்ததெல்லாம் அதற்குள் சொல்லி முடிக்கப்பட வேண்டும். வழக்குக்குரியவன் பெரும்பாலும் அங்கே இருப்பதுமில்லை. அவனுடைய நீண்ட பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உச்சரித்துக் கடந்து போவார்கள்.

அதே கட்டடத்தில் நடந்த இன்னொரு வழக்கைப் பற்றி அந்நாட்களில் எமக்குத் தெரியாது. 1917 நவம்பர் 20 ஆம் திகதி தொடங்கி ஐந்து மாதங்கள் நடந்த வழக்கு அது. எதிரிகளாக நிறுத்தப்பட்டவர்கள் இந்தியர்களும் ஜேர்மன் தூதரக அதிகாரிகளும், ஆயுதக் கப்பலோடு தொடர்புபட்ட அமெரிக்கர் சிலரும். பிரித்தானியாவின் இந்திய ஆட்சியைக் கவிழ்க்க அமெரிக்க மண்ணிலிருந்து ஆளும் ஆயுதமும் அனுப்பச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கடைசி நாளான 1918 ஏப்ரல் 23 ஆம் திகதி, மதிய இடைவேளைக்கு மன்று கலைகிற நேரம், எதிரிகளில் ஒருவரான ராம் சிங் எழுந்து இன்னோர் எதிரியான ராம் சந்திராவைச் சுட்டார். அறையின் மறுபுறத்தில் நின்ற மார்ஷல் ஒருவர், சட்டத்தரணிகளின் தலைகளுக்கு மேலால் ராம் சிங்கைச் சுட்டார். இரண்டு பேரும் அவ்விடத்திலேயே இறந்தார்கள். இரண்டு பேரும் ஒரே கட்சிக்காரர். கட்சியின் பெயர் கதர்.

தமிழில் இந்தச் சொல்லை எழுதினால் காந்தியின் துணிதான் கண்ணுக்கு முன் வரும். இது வேறு கதர். உருதுவில் கலகம் என்று பொருள். 1857 ஆம் ஆண்டு எழுச்சியை இழிவுபடுத்த ஆட்சியாளர் வழங்கிய சொல்லையே இவர்கள் விரும்பித் தமக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். மூல அரபில் அச்சொல்லுக்கு நம்பிக்கைத் துரோகம் என்ற பொருளும் உண்டு. அதே வேரிலிருந்து வருகிற 'கத்தார்' என்ற உருதுச் சொல்லுக்குத் துரோகி என்று அர்த்தம். இதை அறிந்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுடைய அரசியலில் கடந்த நாற்பது ஆண்டுகளில் அதிகம் புழங்கிய சொல் எது என்று கேட்டால் 'விடுதலை'க்கு அடுத்ததாக அதைத்தானே சொல்லவேண்டியிருக்கும்.

*

இவர்களிற் பெரும்பாலானோர் பஞ்சாப் கிராமத்து விவசாயிகள். பலர் ஆங்கிலேயரின் பட்டாளத்திலும், ஹொங்கொங், ஷாங்காய் பொலிஸிலும் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். ஒறிகனில் மரம் அரியும் ஆலைகளிலும் சக்கரமென்ரோப் பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்களிலும் வேலை செய்தார்கள். அக்காலத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த இந்தியர் தொகை சில ஆயிரந்தான். சக்கரவர்த்தியின் சீருடையை அணிந்தவர்களுக்குச் சக்கரவர்த்தியின் பெயர் எங்கும் காவலாக இருக்கும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். 1907 செப்ரெம்பர் 4 ஆம் திகதி வாஷிங்ரன் மாநிலத்துப் பெல்லிங்ஹாம் நகரில் வெள்ளைத் தொழிலாளர் கும்பலொன்று இந்தியர் தங்கியிருந்த விடுதிகளுக்குள் புகுந்து அடித்து, இருநூறு பேர் வரையில் ஊரைவிட்டே ஓட்டியது. பிரித்தானிய அரசு அவர்களுக்காகப் பேச வரவில்லை. யப்பானியரும் இதே கரையில் இதே வெறுப்பைச் சந்தித்தவர்கள்தான். ஆனால் யப்பானியருக்கு அடி விழுந்தால் தோக்கியோ பேசியது, வாஷிங்ரன் கேட்டது. இந்த வித்தியாசத்தைத் தோட்டத்துக் கூலியாள் பத்திரிகை படித்து அறியவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவனைப் பார்த்து அறிந்தான்.

தேசியம் புத்திசீவிகளின் கற்பிதம் என்று ஒரு காலத்தில் நாங்களும் மேடையில் பேசியதுண்டு. பெனடிக்ட் அன்டர்சனை அரைகுறையாகப் படித்த காலம் அது. பெல்லிங்ஹாமில் ஓடியவர்களுக்கு அந்த வாதம் எவ்வளவு தூரம் உதவியிருக்கும் என்று தெரியவில்லை. எமக்கென்று ஒரு நாடு இருந்தால் எம்மை இப்படி அடிப்பார்களா என்பதுதான் அவர்களின் கேள்வி. 1983 யூலையில் கொழும்பிலிருந்து கப்பலேறியவர்களும் அதையேதான் கேட்டார்கள். 1909 இல் வன்கூவர் குருத்துவாராவில் முன்னாள் சிப்பாய்கள் தங்கள் பதக்கங்களையும் சீருடையையும் நெருப்பில் இட்டார்கள். அடிபட்டது அமெரிக்காவில், அவமதிக்கப்பட்டது கனடாவில். ஆனால் எரித்தது இலண்டன் கொடுத்த பதக்கத்தை.

1913 இல் ஒறிகன் மாநிலத்து அஸ்ரோறியாவில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். மர ஆலைத் தொழிலாளியான சோகன் சிங் பக்னா தலைவர். சிறிது காலம் ஸ்ரான்போர்டில் கற்பித்த ஹர் தயாள் செயலாளர். தலைமையகம் சான்பிரான்சிஸ்கோ, ஹில் தெரு 436 ஆம் இலக்கம். அங்கிருந்து 1913 நவம்பர் 1 ஆம் திகதி 'கதர்' பத்திரிகையின் முதல் இதழ் உருதுவில் வந்தது. அடுத்த மாதமே குர்முகியில். ஆங்கில ஆட்சியின் எதிரி என்று முகப்பிலேயே போட்டுக்கொண்ட பத்திரிகை. இந்தியாவிலிருந்து அள்ளிப் போகும் செல்வம், நிலவரி, பஞ்சச் சாவு, இந்தியனின் பணத்தில் இந்தியனைக் கொண்டே அயல் நாடுகளை அடக்கும் பட்டாளம் என்று ஆட்சியின் குற்றங்கள் இதழ்தோறும் பட்டியலாக வந்தன. வாசிக்கத் தெரியாதவனுக்கு மற்றவன் வாசித்துக் காட்டினான். மணிலா, ஹொங்கொங், சிங்கப்பூர் என்று பிரதிகள் போயின. கையால் சுற்றும் அச்சு இயந்திரத்தில் நின்றவர்களில் ஒருவன் பேர்க்லியிற் படிக்க வந்த கர்த்தார் சிங் சராபா. அப்போது அவனுக்குப் பதினேழு வயது.

வேவும் கூடவே வந்தது. ஹொப்கின்சன் என்ற முன்னாள் கல்கத்தாப் பொலிஸ்காரர் இந்தி பேசுவார். கனடியக் குடிவரவுத் துறையிலும் இருந்தார், இந்தியாவை ஆண்டவர்களுக்கும் தகவல் அனுப்பினார், அமெரிக்க அதிகாரிகளுக்கும் வேலை செய்தார். ஹர் தயாளைப் பின்தொடர்ந்தவர் அவர்தான். 1914 மார்ச்சில் ஹர் தயாள் கைதாகி, பிணையில் வந்து, ஐரோப்பாவுக்குத் தப்பினார். பத்திரிகை பெஷாவர்க்காரரான ராம் சந்திராவின் கைக்குப் போயிற்று. ஹொப்கின்சனுக்குத் தகவல் கொடுத்த பேலா சிங் 1914 செப்ரெம்பரில் வன்கூவர் குருத்துவாராவுக்குள்ளேயே சுட்டு இருவரைக் கொன்றார். அவருக்குச் சாட்சி சொல்ல வந்த ஹொப்கின்சனை ஒக்ரோபர் 21 ஆம் திகதி நீதிமன்ற நடையில் வைத்து மேவா சிங் சுட்டார். 1915 சனவரியில் மேவா சிங் தூக்கிலிடப்பட்டார். புகலிடத்துக் கோயிலுக்குள் நடந்த கொலையும், யார் யாருக்குச் சொன்னது என்ற குசுகுசுப்பும், பாரிஸிலோ ரொறன்ரோவிலோ வாழ்ந்த எம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியவையல்ல.

*

கொமகட்டா மாரு கப்பலின் கதை ஓரளவு எல்லோரும் அறிந்தது. சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேரே வந்தால் மட்டுமே இறங்கலாம் என்று கனடா ஒரு விதி செய்து வைத்திருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேரே வரும் கப்பல் கிடையாது என்பதைத் தெரிந்து கொண்டே செய்த விதி. 1914 மே 23 ஆம் திகதி 376 பேருடன் வன்கூவருக்கு வந்த கப்பல் இரண்டு மாதம் கரைக்குக் கிட்ட நின்றது. ஏற்கெனவே அங்கு குடியிருந்தவர்களும் இன்னும் சிலரும்தான் இறங்க முடிந்தது. ஏற வந்த பொலிஸாரைப் பயணிகள் நிலக்கரிக் கட்டிகளால் எறிந்து விரட்டினார்கள். பின்னர் போர்க்கப்பல் வந்தது. யூலை 23 ஆம் திகதி திருப்பி அனுப்பப்பட்ட கப்பல் செப்ரெம்பர் கடைசியில் கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் நின்றபோது, இறங்கியவர்கள் மீது சூடு நடந்து சுமார் 20 பேர் இறந்தார்கள்.

2009 ஒக்ரோபரில் ஓஷன் லேடியில் 76 பேரும், 2010 ஓகஸ்டில் சன் சீயில் 492 பேரும் இதே கரைக்கு வந்தார்கள். எல்லோரும் ஈழத்தமிழர். திருப்பி அனுப்பப்படவில்லை, தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்கள் கரைக்கு வருமுன்பே பயங்கரவாதிகள் என்ற பேச்சு கரைக்கு வந்துவிட்டது. கொமகட்டா மாருவுக்காகக் கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016 மே 18 ஆம் திகதி. அந்தத் திகதி எமக்கு வேறொரு நாள். முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றிக் கொண்டிருந்த நேரத்தில்தான் அச்செய்தியை நாங்கள் கேட்டோம்.

கப்பல் திரும்பிக்கொண்டிருக்கையில் உலகப்போர் மூண்டது. இதுதான் தருணம், ஊருக்குத் திரும்புங்கள் என்று கதர் அழைத்தது. சக்கரமென்ரோவிலும் பிரெஸ்னோவிலும் கூட்டங்கள் நடந்தன. ஒரு நாள் முழுதும் முறிந்து இரண்டு டொலர் உழைத்தவர்கள் சேமிப்பைக் கொட்டினார்கள். காணியை விற்றுவிட்டுக் கப்பலேறியவர்களும் உண்டு. பகிரங்கமாகக் கூட்டம் போட்டு, பத்திரிகையில் எழுதி, புரட்சி செய்யப் போனவர்கள் அவர்கள். துறைமுகத்தில் பொலிஸ் காத்திருந்தது. சோகன் சிங் பக்னாவைக் கப்பலிலிருந்து இறங்கியதுமே பிடித்தார்கள். 1915 பெப்ரவரி 21 ஆம் திகதிக்கு வைத்த எழுச்சி கிர்பால் சிங் என்ற உளவாளியால் வெளிப்பட, 19 க்கு முன்தள்ளப்பட்டு, அன்றும் நடக்காமற் போயிற்று. சிங்கப்பூரில் மட்டும், பெப்ரவரி 15 ஆம் திகதி ஐந்தாம் காலாட்படைச் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். 47 பேரை அவுட்ரம் வீதிச் சிறைச் சுவரோரம் நிறுத்தி, பொதுமக்கள் பார்க்கச் சுட்டார்கள்.

லாகூரில் அவசரகாலச் சட்டமொன்றின் கீழ் மேன்முறையீடு இல்லாத விசேட மன்று அமைந்தது. 24 பேருக்கு மரணதண்டனை. 17 பேருக்கு அது ஆயுட்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மிஞ்சிய ஏழு பேர் 1915 நவம்பர் 16 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார்கள். அச்சு இயந்திரத்தில் நின்ற சராபா அவர்களில் ஒருவன், 19 வயது. போர் முடிந்த பிறகும் அந்த அதிகாரங்களைக் கைவிட மனமில்லாமல் கொண்டுவந்ததுதான் ரௌலற் சட்டம். அதை எதிர்த்த கிளர்ச்சியின் நடுவில் 1919 ஏப்ரல் 13 ஆம் திகதி ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கே 379 பேர். தற்காலிகமாக வந்த சட்டங்கள் போகாமல் நிற்கிற வித்தையை எமக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 1979 இல் தற்காலிகமாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமானது.

*

இங்கே பஞ்சாப்பை விட்டு எமது தீவுக்கு வரவேண்டியிருக்கிறது. கதர்க்காரரின் குற்றப்பட்டியலில் இருந்த 'அயல் நாட்டை அடக்கும் பட்டாளம்' அதே 1915 இல் கொழும்பில் நின்றது. மே 28 ஆம் திகதி கண்டியில், வெசாக் ஊர்வலம் பள்ளிவாசலைக் கடப்பது பற்றிய தகராறு, முஸ்லிம்கள் மீதான சிங்களவரின் தாக்குதலாகித் தென்மேற்கெங்கும் பரவியது. யூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது. ஆளுநர் சாமர்ஸின் அரசு அதில் ஆட்சிக்கெதிரான சதியைக் கண்டது. 28 ஆம் பஞ்சாபிப் படைச் சிப்பாய்களும் ஐரோப்பியத் தொண்டர் படையினரும் வீதியில் இறங்கினார்கள். கண்ட இடத்திற் சுட்டார்கள். கொழும்புத் தொண்டர் படையில் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் இராணுவ மன்றின் தீர்ப்பில் யூலை 7 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். டி. எஸ். சேனநாயக்கா உள்ளிட்ட மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். லாகூர்ச் சிறையில் சராபா தூக்குக் காத்திருந்த கோடையில், அவனுடைய ஊரவனாகவும் இருக்கக்கூடிய ஒரு சிப்பாய் கொழும்பு வீதியில் துவக்கோடு நின்றான்.

பொன்னம்பலம் இராமநாதன் போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் போய்ச் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியதும், திரும்பி வந்தபோது அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பிரமுகர்களே இழுத்துச் சென்றதும் எமது பாடப்புத்தகத்தில் இருந்தன. ஐக்கியத்துக்கு உதாரணமாக அதைப் படித்தோம். பின்னர், சிங்களவரின் நன்றிகெட்டதனத்துக்கு உதாரணமாக அதையே மேடைகளிற் பேசினோம். கடை எரிந்த, ஆள் இழந்த முஸ்லிமுக்கு அந்த வண்டி எப்படித் தெரிந்திருக்கும் என்று பாடப்புத்தகமும் கேட்கவில்லை, மேடையும் கேட்கவில்லை. ஆங்கிலேயனின் கொடுமையை இராமநாதன் சரியாகவே எழுதினார். அந்தக் கொடுமைக்குக் காரணமாகக் காட்டப்பட்ட முதற் கொடுமைக்கு ஆளானவர்கள் அவருடைய எழுத்தில் குற்றவாளிகளின் பக்கத்தில் போய் நின்றார்கள். முஸ்லிம் மக்களிடையே அது ஆறாப் புண்ணாயிற்று.

இதைச் சொல்லும் யோக்கியதை எமக்கு உண்டா என்றும் கேட்கலாம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாங்கள் அப்போது வெளிநாட்டில், எங்கள் கோப்புகளில், எங்களுக்கு நேர்ந்ததை எழுதிக்கொண்டிருந்தோம். 1915 இல் வழக்கின்றிச் சிறையில் கிடந்த டி. எஸ். சேனநாயக்கா பிரதமராகி 1948 இல் செய்த முதற் காரியங்களில் ஒன்று மலையகத் தமிழரைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. சுமார் ஏழு லட்சம் பேர்.

*

மறுபடியும் ஏழாம் தெருவுக்கு. பேர்லினிலிருந்து வந்த ஜேர்மன் பணம் கதர் கட்சியை உள்ளிருந்து அரித்தது. (பேர்லின் குழுவில் எம்மொழிக்காரர் ஒருவரும் இருந்தார். திருவனந்தபுரத்துச் செண்பகராமன் பிள்ளை. 1914 செப்ரெம்பர் 22 ஆம் திகதி சென்னையைச் சுட்ட எம்டன் கப்பலில் அவர் வந்தார் என்ற கதையை எங்கள் பெரியவர்கள் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். நம்பத்தகுந்த சான்று ஒன்றுமில்லை. கெட்டிக்காரனை 'ஆள் எம்டன்' என்று சொல்லும் வழக்கம் மட்டும் உண்மை.) ஆயுதம் ஏற்றிய அனி லார்சன் என்ற கப்பல் சந்திக்கவேண்டிய கப்பலைச் சந்திக்காமல் அலைந்து, 1915 யூனில் வாஷிங்ரன் மாநிலத்தில் பிடிபட்டது. 1917 தொடக்கத்தில் கட்சி இரண்டாகப் பிளந்தது. ராம் சந்திரா பொதுப்பணத்தைத் தன்னுடையதாக்கினார் என்று பகவான் சிங்கின் அணி சொன்னது. இரண்டு அணியும் ஒரே வழக்கில், ஒரே அறையில், ஐந்து மாதம் அருகருகே இருந்தன. பிறகு அந்த வெடி.

அடுத்து வந்த தீர்ப்பில் 29 பேர் குற்றவாளிகள். இந்தியர்களிற் கூடிய தண்டனை தாரக்நாத் தாஸுக்கு, 22 மாதம். பகவான் சிங்குக்கு 18 மாதம். அதே சதிக்கு லாகூரில் தூக்குக்கயிறு. போகச் சொன்னவனுக்கு மாதக் கணக்கு, போனவனுக்குக் கழுத்து. இதைக் குற்றச்சாட்டாக எழுதவில்லை. பணம் கட்டிய ரசீது எங்கள் மேசை லாச்சிகளிலும் கிடந்தது. எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர்களுக்குத் தேநீர் கொடுத்து, கையெழுத்திட்டு, எங்கள் பிள்ளைகளைக் கணிதப் பாடத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே வேறு பிள்ளைகள் போனார்கள்.

ராம் சந்திராவின் ஊரான பெஷாவரிலிருந்து 1915 இல் மனைவி கலாவுடனும் மூன்று ஆண்பிள்ளைகளுடனும் சான்பிரான்சிஸ்கோ வந்து இயக்கத்தில் சேர்ந்தவர் வைஷ்ணோ தாஸ் பகாய். பேர்க்லியில் வீடு வாங்கினார். குடிபோன நாளில் அயலவர் வீட்டைப் பூட்டி உள்ளே விடவில்லை. 1921 இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. 1923 பெப்ரவரி 19 ஆம் திகதி, அமெரிக்கப் படையிற் சேவை செய்தவரான பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்கு உரித்தற்றவர் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கொடுத்ததையும் பறித்தார்கள். பகாயுடையதும் போயிற்று. ஊருக்குப் போய் உறவினரைப் பார்க்க அவர் கடவுச்சீட்டுக் கேட்டபோது, பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்துப் போகலாம் என்றார்கள். எதைத் துறந்துவிட்டுக் கடல் கடந்தாரோ அதையே. 1928 மார்ச்சில் சான்ஹோசேயில் ஒரு வாடகை அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். காரணத்தைக் கடிதமாக எழுதிச் சான்பிரான்சிஸ்கோப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்.

கலா பகாய் பிள்ளைகளை வளர்த்தார். 1946 இல் சட்டம் மாறிய பின் குடியுரிமை பெற்றார். 1983 வரை வாழ்ந்தார். கதர் கட்சியின் வூட் தெரு வீடு இடிக்கப்பட்டு, 1975 இல் இந்திய அரசின் நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டது. பேர்க்லி மாநகர சபை 2020 இல் நகர மையத்துத் தெருத் துண்டு ஒன்றுக்குக் கலா பகாய் வழி என்று பெயரிடத் தீர்மானித்தது. நிலத்தடி ரயிலில் வந்து மேலே ஏறினால் இரண்டு நிமிட நடை. நாங்கள் போன நாளில் மழை தூறியது. பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று, எங்களுடன் வந்த நண்பர் தன்னுடைய பழைய பயண ஆவணத்தைப் பற்றிச் சொன்னார். ஐரோப்பாவில் அகதியாக இருந்தபோது கொடுத்தது. எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், ஸ்ரீலங்கா தவிர, என்று அதன் உள்ளே எழுதியிருக்கும். தாயாரின் செத்தவீட்டுக்கு அவர் போகவில்லை. அந்தப் புத்தகம் இப்போதும் அவரிடம் இருக்கிறது.